பழைய வரவு இலையும் புதிய வரவு இலையும்: இரண்டு சராசரிகளும் உண்மையிலேயே வேறுதானா?

பொதிகைச்சாரல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஆலங்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர் எங்களுடையது. அம்மா சிறு வயதிலிருந்து பீடி சுற்றுகிறார். நான் பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. கணிதம் படித்து முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறேன்.

ஒரு மாதத்துக்கு முன் எங்கள் ஊர்க் கடைக்குப் புதிய இலை வரவு வந்தது. அன்று முதல் தெருவில் எல்லோருக்கும் ஒரே புலம்பல். கடையில் நிறுத்துத் தரும் இலையில் ஆயிரம் பீடி தேறவில்லை. குறைகிற பீடிக்குக் கைக்காசு போட்டு வெளியில் இலை வாங்க வேண்டியிருக்கிறது. கடையில் கேட்டால், "இலை எப்போதும் போலத்தான் இருக்கிறது, நீங்கள்தான் வெட்டும்போது வீணாக்குகிறீர்கள்" என்கிறார்கள். முப்பது வருடம் சுற்றிய கையைப் பார்த்து அப்படிச் சொன்னதை என்னால் பொறுக்க முடியவில்லை.

அம்மாவிடம் பழைய வரவில் ஒரு மூட்டை இலை மிச்சம் இருந்தது. அதில் 100 கிராம் நிறுத்து, நனைத்து, வெட்டி, எத்தனை துண்டு தேறுகிறது என்று எண்ணினோம். இப்படி ஆறு முறை. புதிய மூட்டையிலும் ஆறு முறை.

பழையது: 156, 149, 161, 152, 158, 148.
புதியது: 150, 131, 155, 139, 147, 130.

இரண்டு சராசரிகளும் வேறு என்று இதை வைத்துச் சொல்லலாமா? கல்லூரியில் படித்த டி-சோதனை இங்கே பொருந்துமா? பாடப்புத்தகத்தில் செய்த கணக்கு வேறு, அம்மாவின் மடியில் இருக்கிற இலை வேறு என்று தோன்றுகிறது. அதனால்தான் கேட்கிறேன்.

கடையம்_வாத்தியார் எழுதியது:

மகளே, நல்ல வேலை செய்திருக்கிறாய். கணக்கைப் பார்ப்போம்.

பழைய வரவின் சராசரி 154, புதியதின் சராசரி 142. வித்தியாசம் 12. இந்தப் 12 பெரிதா சிறிதா என்பதை அதை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரே மூட்டையில் ஆறு முறை அள்ளியபோதே ஒரு முறை 148, ஒரு முறை 161 என்று வந்திருக்கிறது. அந்த ஏற்ற இறக்கத்துக்கு முன்னால் 12 எவ்வளவு என்பதுதான் கேள்வி. டி-சோதனை செய்வது இந்த ஒரே வேலையைத்தான்.

சராசரியிலிருந்து ஒவ்வோர் எண்ணும் விலகும் அளவை வர்க்கமாக்கிக் கூட்டினால் பழையதுக்கு 134, புதியதுக்கு 532. ஐந்தால் வகுத்தால் 26.8, 106.4. இவைதான் மாறுபாடுகள். இவற்றை ஆறால் வகுத்துக் கூட்டினால் 22.2. அதன் வர்க்கமூலம் 4.71. இதுதான் வித்தியாசத்தின் திட்டப் பிழை. 12-ஐ 4.71-ஆல் வகுத்தால் 2.55. அதாவது நீ கண்ட வித்தியாசம், தற்செயலாக வரக்கூடிய தடுமாற்றத்தைப் போல இரண்டரை மடங்கு.

ஒன்றைக் கவனி. 26.8 எங்கே, 106.4 எங்கே? புதிய இலையின் மாறுபாடு நான்கு மடங்கு. கல்லூரிப் புத்தகத்தில் முதலில் வரும் சூத்திரம் இரண்டு தொகுதிகளின் மாறுபாடும் சமம் என்று வைத்துக்கொண்டு இரண்டையும் கலந்துவிடும். இங்கே அப்படிக் கலக்கக் கூடாது. மாறுபாடு சமமில்லாத இடத்துக்கு வெல்ச் என்ற புள்ளியியலாளர் 1947-இல் தந்த முறை இருக்கிறது. இரண்டு பக்கமும் ஆறு ஆறு என்பதால் 2.55 மாறாது. ஆனால் அதை ஒப்பிட்டுப் பார்க்கும் அட்டவணை வரிசை மாறும். அட்டவணையில் எந்த வரிசையைப் பார்ப்பது என்று சொல்லும் எண்ணுக்குக் கட்டின்மை எண் என்று பெயர். கலந்து செய்தால் அது 10, வெல்ச் முறையில் ஏறத்தாழ 7.4. அந்த வரிசையில் 5 சதவீத எல்லை 2.34. உன் 2.55 அதைத் தாண்டிவிட்டது. பி-மதிப்பு 0.04 அளவில் வரும்.

உண்மையான வித்தியாசத்துக்கு 95 சதவீத இடைவெளி, அதாவது இதே முறையில் திரும்பத் திரும்பச் செய்தால் நூற்றுக்கு 95 முறை உண்மையை உள்ளே பிடிக்கிற எல்லை, 1 முதல் 23 துண்டு வரை. எவ்வளவு அகலம் பார்.

ரதவீதி எழுதியது:

பிறகென்ன? பி-மதிப்பு 0.04 என்றால் புதிய இலை மோசம் என்பது 96 சதவீதம் உறுதி. தங்கச்சி, இந்தத் தாளை எடுத்துக்கொண்டு நாளைக்கே கடைக்குப் போங்கள்.

கடையம்_வாத்தியார் எழுதியது:

தம்பி, அது 96 சதவீத உறுதி ஆகாது. படித்தவர்களே அடிக்கடி தவறும் இடம் இது, அதனால் நின்று சொல்கிறேன்.

சோதனை தொடங்கும்போது நாம் ஒன்றை வைத்துக்கொள்கிறோம்: இரண்டு வரவுக்கும் சராசரியில் வேறுபாடே இல்லை. இதுதான் இன்மைக் கருதுகோள். அது உண்மையாக இருந்தால் இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வித்தியாசம் தற்செயலாக நேர எவ்வளவு வாய்ப்பு என்று கேட்கிறோம். விடை நூற்றுக்கு நான்கு. இலை மோசமாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்ற கேள்வியை நாம் கேட்கவே இல்லை.

உங்கள் பெயரிலேயே உதாரணம் இருக்கிறது. ஆனித் தேரோட்டத்தன்று ரதவீதியில் கூட்டம் இருக்கும், உறுதி. அதற்காக ரதவீதியில் கூட்டத்தைக் கண்டவுடன் இன்று தேரோட்டம் என்று சொல்லிவிட முடியுமா? தீபாவளிக்குத் துணி எடுக்க வந்த கூட்டமாகவும் இருக்கலாம். இரண்டும் வேறு வேறு கேள்விகள்.

இன்னொன்று. ஐந்து சதவீதம் என்ற எல்லையை யாரும் கல்லில் வெட்டி வைக்கவில்லை. ஃபிஷர் என்ற புள்ளியியலாளர் 1925-இல் எழுதிய புத்தகத்தில் இருபதில் ஒன்று என்பது வசதியான எல்லை என்று எடுத்துக்கொண்டார். அது அப்படியே நிலைத்துவிட்டது. 0.04-க்கும் 0.06-க்கும் நடுவில் சுவர் ஏதும் கிடையாது.

பிசானம் எழுதியது:

நான் அரசு வேலையில் பயிர் அறுவடைப் பரிசோதனைக்காகப் பல வருடம் வயல் வயலாக அலைந்து ஓய்வு பெற்றவன். வாத்தியார் அண்ணாச்சியின் கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. ஆனால் அந்தக் கணக்கு எதற்கு விடை சொல்கிறது என்பதில் எனக்குச் சங்கடம் இருக்கிறது.

மகளே, நீ ஆறு முறை அள்ளியது ஒரே மூட்டையில். அந்தப் பக்கமும் ஒரே மூட்டையில். ஆக உன் சோதனை சொல்வது இவ்வளவுதான்: உன் வீட்டு மூலையில் இருக்கிற இந்த மூட்டையும் அந்த மூட்டையும் வேறு. பழைய வரவும் புதிய வரவும் வேறு என்று அது சொல்லவில்லை. ஒரே வரவில் வந்த இரண்டு மூட்டைகளை எடுத்தாலும் இதே 12 வந்திருக்கலாம். வராது என்று உன்னிடம் ஆதாரம் இல்லை.

அம்பாசமுத்திரம் பக்கம், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில், பிசான அறுவடை நேரம். நெல் என்றால் 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம் அளந்து, கயிறு கட்டி, அதற்குள் இருப்பதை மட்டும் அறுத்து அடித்து நிறுக்க வேண்டும். எந்தச் சர்வே எண், அந்த வயலுக்குள் எந்த இடம் என்பதெல்லாம் தற்செயல் எண் அட்டவணை பார்த்து முன்பே முடிவாகியிருக்கும். வரப்பில் நிற்கும் விவசாயி சும்மா இருக்க மாட்டார். ஒருவர் கதிர் சாய்ந்து கிடக்கிற நல்ல இடத்துக்குக் கையைப் பிடித்து இழுப்பார். பயிர்க் காப்பீட்டை எதிர்பார்ப்பவர் புகையான் தாக்கிய மூலையைக் காட்டுவார். இருவர் மேலும் எனக்குக் கோபம் வந்ததில்லை. ஆனால் கயிறு அட்டவணை சொன்ன இடத்தில்தான் விழும். ஒரே வயலில் பத்து இடத்தில் அறுத்தால் அந்த வயலைப் பற்றி நன்றாகத் தெரிந்துகொள்ளலாம், ஊரின் விளைச்சல் தெரியாது. பத்து வயலில் ஒவ்வோர் இடம் அறுத்தால்தான் ஊர் தெரியும்.

உன் ஆறு, ஆறு அல்ல. மூட்டைக் கணக்கில் பார்த்தால் அது ஒன்று.

கடையம்_வாத்தியார் எழுதியது:

அண்ணாச்சி சொல்வது நூற்றுக்கு நூறு சரி. அதை நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். ஒரே மூலத்திலிருந்து திரும்பத் திரும்ப எடுத்ததைத் தனித்தனி மாதிரியாக எண்ணுவதை ஹர்ல்பர்ட் என்ற சூழலியலாளர் 1984-இல் ஒரு நீண்ட கட்டுரையில் பிரித்துப் பிரித்துக் காட்டினார். போலி மீள்செய்கை என்று சொல்லலாம். அச்சில் வந்த ஆய்வுகளிலேயே அந்தத் தவறு நிறைய இருந்ததை அவர் எடுத்துக் காட்டினார்.

சுளகுமடி எழுதியது:

நான் பீடி சுற்றுகிறவள். கணக்கு எனக்குத் தெரியாது, என் மகன் படித்துக் காட்டினான், நான் சொல்வதை அவன் எழுதுகிறான். ஒன்று மட்டும் கேட்கிறேன். இலையை எப்போது நிறுத்தீர்கள்?

மழைக்காலத்தில் கடைக் கிட்டங்கியில் இருந்து வரும் மூட்டை ஈரம் குடித்திருக்கும். கையில் எடுத்தாலே தெரியும், சலசலவென்று சத்தம் வராது. வீட்டில் ஒரு மாதம் கிடந்த பழைய இலை நன்றாகக் காய்ந்திருக்கும். காய்ந்த இலையில் நூறு கிராமுக்கு நிறைய இலை ஏறும். ஈர இலையில் குறையும். அது இலையின் குற்றம் இல்லை, தண்ணீரின் எடை. இன்னொன்று, அம்மாவுக்கு எது பழையது எது புதியது என்று தெரிந்திருக்குமே. புது இலை மேல் வெறுப்பில் இருக்கிற கை, ஓரத்தில் ஒரு சின்ன ஓட்டை இருந்தாலும் தூக்கி எறிந்துவிடும். அதே ஓட்டை பழைய இலையில் இருந்தால் அளவுத் தகரத்தைக் கொஞ்சம் நகர்த்தி வைத்து வெட்டிவிடும். வேண்டுமென்று யாரும் செய்வதில்லை மகளே, கை தானாகச் செய்யும்.

பொதிகைச்சாரல் எழுதியது:

அக்கா சொன்னதைப் படித்துவிட்டுப் போய் அம்மா வெட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். இத்தனை வருடம் பார்த்த வேலைதான், இப்படிப் பார்த்ததில்லை.

மடியில் சுளகு. முந்தின நாள் சாயங்காலம் நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைத்த இலை. ஓர் இலையை இடது கையில் விரித்து, நடு நரம்பு ஓரமாகப் போகும்படி தகரத்தை வைத்து, கத்தரிக்கோலைத் தகரத்தின் நான்கு பக்கமும் ஓட்டுகிறார். ஒரு துண்டு சுளகில் விழுகிறது. அகலமான இலையாக இருந்தால் மறுபக்கம் திருப்பி இன்னொரு துண்டு. தகரத்தை வைப்பதற்கு முன் கண் இமைக்கிற நேரம் ஒரு நிறுத்தம் இருக்கிறது. இந்த இலையில் ஒன்றா இரண்டா என்று கை முடிவு செய்கிற நேரம் அது. அக்கா சொன்னது அந்த இடத்தில்தான் நடக்கிறது. பழைய இலைக்கு அந்த நிறுத்தம் கொஞ்சம் நீளம். அம்மாவிடம் சொன்னேன். "ஆமா, இருக்கும்" என்றார்.

முதல் எண்களை ஒதுக்கிவிடுகிறேன். மறுபடி எப்படிச் செய்யலாம் என்று சொல்லுங்கள்.

பிசானம் எழுதியது:

பல வீடு, பல மூட்டை. ஒவ்வொரு வீட்டிலும் பழைய வரவில் 100 கிராம், புதிய வரவில் 100 கிராம், இரண்டையும் ஒரே பெண் வெட்ட வேண்டும். அப்போது அந்தப் பெண்ணின் கைத்திறமை இரண்டு பக்கமும் சமமாக விழுந்துவிடும். வீட்டுக்கு வீடு இருக்கிற வேற்றுமை கணக்கைக் குழப்பாது.

வேலை செய்கிறவர்கள் மேலேயே ஐயம் இருந்தால் என்ன செய்வது என்பதற்கு மகலனோபிஸ் நல்ல வழி காட்டியிருக்கிறார். 1931-இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தைத் தொடங்கியவர். வங்காளத்தில் சணல் பரப்பைக் கணக்கெடுத்தபோது ஒரே பகுதிக்கு இரண்டு குழுக்களைத் தனித்தனி மாதிரிகளோடு அனுப்புவார். ஒன்று கண்டது மற்றதுக்குத் தெரியாது. பிறகு இரண்டு சராசரிகளையும் ஒப்பிடுவார். நிலத்தில் இருக்கிற வேற்றுமை எவ்வளவு, அளந்தவர்களால் வந்த வேற்றுமை எவ்வளவு என்று அதில் வெளிப்பட்டுவிடும். முடிந்தால் எண்ணுகிற வேலையை இரண்டு பேர் தனித்தனியாகச் செய்யுங்கள்.

கடையம்_வாத்தியார் எழுதியது:

இரட்டைகளாக ஒப்பிடும் இந்த முறைக்கும் டி-சோதனைக்கும் பிறப்பிலேயே உறவு உண்டு. அதைக் கண்டுபிடித்த காசெட் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். டப்ளினில் கின்னஸ் மதுவாலையில் வேலை பார்த்தவர். பார்லி, ஹாப்ஸ் என்று விளைபொருளின் தரத்தை நான்கு, ஐந்து மாதிரியை வைத்துச் சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கு. அன்றைய கணிதம் பெரிய மாதிரிகளுக்கு மட்டும் பழகியிருந்தது. சிறிய மாதிரிக்கு வழி கண்டு 1908-இல் 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் வெளியிட்டார். அந்தக் கட்டுரையில் வரும் முதல் எடுத்துக்காட்டே இரட்டைதான்: பத்து நோயாளிகள், ஒவ்வொருவருக்கும் இரண்டு தூக்க மருந்துகள், எதில் எவ்வளவு நேரம் கூடுதலாகத் தூங்கினார்கள் என்ற கணக்கு. இரண்டாவது மருந்தில் சராசரியாக 1.58 மணி நேரம் கூடுதல்.

தொழிற்சாலைக்குள் மூலப்பொருளை எடைபோட்ட ஒருவர் தந்த கருவி, மகளே. உன் இலைக்கு அது பொருந்துமா என்று தயங்க வேண்டாம்.

பொட்டலங்களில் பெயர் எழுதாதே. எந்தப் பொட்டலத்தை முதலில் வெட்டுவது என்பதை நாணயம் சுண்டி முடிவு செய். இரண்டாவது நூறு கிராமுக்கு வரும்போது விரல் களைத்திருக்கும். எப்போதும் புதியது இரண்டாவதாக வந்தால் அந்தக் களைப்பும் இலையின் கணக்கில் ஏறிவிடும். இலைகளை ஒரே இடத்தில் இரண்டு நாள் நிழலில் காயவைத்துவிட்டு நிறு.

ரதவீதி எழுதியது:

ஒரு சந்தேகம் அண்ணாச்சி. குறைகிறது என்றுதானே நமக்கு ஐயம்? கூடுகிறதா என்று யாரும் கேட்கவில்லை. அப்படியானால் ஒருபுறச் சோதனை போதுமே, எல்லையும் எளிதாகத் தாண்டலாம்.

கடையம்_வாத்தியார் எழுதியது:

எண்களைப் பார்ப்பதற்கு முன் முடிவு செய்தால் அதற்கு இடம் உண்டு. ஆனால் எதிரே உட்காரப் போகிறவர் கடைக்காரர். "உங்களுக்குச் சாதகமான பக்கத்தை மட்டும் பார்த்தீர்கள்" என்று அவர் சொல்ல இடம் வைக்க வேண்டாம். இருபுறமே இருக்கட்டும்.

சுளகுமடி எழுதியது:

நிழலில் காயவைப்பது சரிதான். ஆனால் கடையில் எங்களுக்குக் காயவைத்தா நிறுக்கிறார்கள்? ஈரத்தோடுதானே தராசில் வைக்கிறார்கள்? அந்த ஈரத்துக்கும் சேர்த்துத்தானே ஆயிரம் பீடி கேட்கிறார்கள்?

பிசானம் எழுதியது:

தாயே, இந்த இழையிலேயே பெரிய கேள்வி இது. இங்கே இரண்டு முழுமைத்தொகுதிகள், அதாவது நாம் முடிவு சொல்ல விரும்புகிற இரண்டு முழுக் கூட்டங்கள், இருக்கின்றன. ஒன்று, இலை என்ற பொருள். இன்னொன்று, கடைத் தராசில் ஏறுகிற இலை. முதலாவதைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் காயவைக்க வேண்டும். இரண்டாவதைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் கடையில் தந்தபடியே நிறுக்க வேண்டும். எதைக் கேட்கிறோம் என்று முதலில் முடிவு செய்யாமல் சராசரி எடுத்தால் அது யாருக்கும் பயன்படாது. இப்போது கடைக்காரர் சொல்வது "இலை அதே இலைதான்" என்பது. அதனால் முதலில் காய்ந்த இலையைப் பார்ப்போம். ஈரத்தை அடுத்ததாகத் தனியே கேட்கலாம். இரண்டையும் ஒன்றாகக் குழைக்க வேண்டாம்.

பொதிகைச்சாரல் எழுதியது:

மூன்று வாரம் ஆயிற்று, மன்னிக்கவும். எட்டு வீடு கிடைத்தது. எங்கள் தெருவில் மூன்று, பக்கத்து ஊர்களில் ஐந்து. எல்லா வீட்டிலும் பழைய வரவு மிச்சம் இருந்தது, மூட்டைகள் வேறு வேறு. இரண்டு நாள் நிழலில் உலர்த்தினோம். என் தம்பி பீடி கட்டும் நூலையே எடுத்து ஒரு பொட்டலத்துக்கு ஒரு முடிச்சு, இன்னொன்றுக்கு இரண்டு முடிச்சு போட்டான். எந்த வீட்டில் எந்த முடிச்சு எந்த வரவு என்று எழுதிய தாளை அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டான். எனக்கும் தெரியாது. துண்டுகளை நானும் பக்கத்து வீட்டு மதினியும் தனித்தனியாக எண்ணினோம்.

எட்டு வீடும் முடிந்த பிறகு தாளை எடுத்தோம். பழையது முதலில், புதியது அடுத்து:

158, 149. 141, 137. 163, 152. 150, 152. 136, 126. 155, 147. 147, 144. 166, 153.

கடையம்_வாத்தியார் எழுதியது:

பழையதின் சராசரி 152, புதியதின் சராசரி 145. வித்தியாசம் 7. முதலில் கண்ட 12 இப்போது 7 ஆகிவிட்டது. ஒழுங்காக அளந்தால் இப்படி இறங்குவது வழக்கம். 12-ஐ எடுத்துக்கொண்டு கடைக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

இப்போது இதே எண்களை இரண்டு விதமாகச் செய்து காட்டுகிறேன். இரட்டை என்பதை மறந்துவிட்டு எட்டு எண்ணையும் எட்டு எண்ணையும் தனித்தனிக் கூட்டமாகப் பார்த்தால் திட்டப் பிழை 4.96, டி மதிப்பு 1.41. எல்லை 2.14. தாண்டவில்லை. வேறுபாடு நிறுவப்படவில்லை என்று எழுதிவிட்டுப் போக வேண்டியதுதான்.

வீட்டுக்கு வீடு வித்தியாசத்தை எடுத்தால்: 9, 4, 11, −2, 10, 8, 3, 13. இந்த எட்டு எண்ணின் திட்டப் பிழை 1.75. 7-ஐ 1.75-ஆல் வகுத்தால் 3.99. கட்டின்மை எண் 7-க்கு எல்லை 2.36. பி-மதிப்பு 0.005 அளவில். அதே இலை, அதே எண்கள். ஐந்தாவது வீட்டில் 136-உம் 126-உம், எட்டாவது வீட்டில் 166-உம் 153-உம். அந்த இரண்டு பெண்களின் கைக்கும் இடையில் இருக்கிற தூரம் இலைகளுக்கு இடையில் இருக்கிற தூரத்தைவிட மிகப் பெரிது. தனிக் கூட்டமாகப் பார்த்தபோது அந்தத் தூரம் இலையின் வித்தியாசத்தை மூடிவிட்டது.

95 சதவீத இடைவெளி ஏறத்தாழ 3 முதல் 11 துண்டு.

ரதவீதி எழுதியது:

டி-சோதனைக்கு இயல்நிலைப் பரவல், அதாவது எண்கள் சராசரியைச் சுற்றி மணி வடிவில் பரவியிருப்பது, வேண்டும் என்று படித்திருக்கிறேன். எட்டே எட்டு எண்ணை வைத்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வது? கடைக்காரர் பிள்ளை படித்தவராக இருந்து இதைக் கேட்டால்?

பிசானம் எழுதியது:

கேட்டால் அட்டவணையே இல்லாமல் ஒரு வழி சொல்கிறேன். ஃபிஷர் 1935-இல் காட்டியது. சுளகுமடி தாயும் இதைக் கேட்கட்டும்.

இரண்டு வரவும் ஒன்றுதான் என்று கடைக்காரர் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்வோம். அப்படியானால் முதல் வீட்டில் 158 ஒரு முடிச்சிலும் 149 இன்னொரு முடிச்சிலும் வந்தது வெறும் தற்செயல். மாறியும் வந்திருக்கலாம். அதாவது 9 என்பது −9 ஆகவும் இருந்திருக்கலாம், நாணயம் சுண்டியது போல. எட்டு வீட்டுக்கும் எட்டு நாணயம். பூவா தலையா என்று மொத்தம் 256 விதமாக விழலாம்.

நமக்கு வந்த கூட்டுத்தொகை 56. இந்த 256 விதத்தில் 56 அல்லது அதற்கு மேல் வருவது எத்தனை? எல்லாம் பழைய இலை பக்கம் விழுந்தால் 60. அது ஒன்று. நான்காவது வீட்டின் 2 மட்டும் எதிர்ப்பக்கம் விழுந்தால் 56. அது நமக்கு வந்தது. அடுத்த சிறிய எண்ணான 3 எதிர்ப்பக்கம் விழுந்தாலே 54-க்கு இறங்கிவிடும். ஆக இரண்டே விதம். எதிர்த்திசையிலும் இரண்டைச் சேர்த்தால் நான்கு. 256-இல் 4, அதாவது 64-இல் ஒன்று. இயல்நிலைப் பரவல் எதுவும் தேவைப்படவில்லை. எட்டு நாணயத்தைக் கடைக்காரர் கையிலேயே கொடுத்து, நாள் முழுவதும் சுண்டிப் பார்க்கச் சொல்லலாம்.

சுளகுமடி எழுதியது:

இது புரிகிறது ஐயா. ஆனால் நான்காவது வீட்டில் புதிய இலை இரண்டு கூடுதலாக வந்திருக்கிறதே. அதைக் கடையில் காட்டினால் அதையே பிடித்துக்கொள்வார்கள். எடுத்துவிடலாமா?

பொதிகைச்சாரல் எழுதியது:

எடுக்க மாட்டேன் அக்கா. அந்த வீட்டுப் பெண் அம்மாவைவிட வயதில் மூத்தவர். மற்ற ஏழு வீட்டில் என்ன வந்தது என்று தெரியாமல் வெட்டித் தந்தார். எட்டு வீடு என்று சொல்லிவிட்டு ஏழைக் காட்டினால், கடையில் எங்களைப் பற்றிச் சொன்ன சொல்லுக்கு நானே இடம் கொடுத்ததாகிவிடும்.

கடையம்_வாத்தியார் எழுதியது:

அந்த −2 கணக்குக்குள் இருக்கும்போதே 3.99 வருகிறது. மறைக்க வேண்டிய தேவையே இல்லை.

இனி பி-மதிப்பைக் கடையில் பேச வேண்டாம். 0.005 என்பது வித்தியாசம் இருக்கிறது என்பதற்கான சான்று, எவ்வளவு என்பதை அது சொல்லாது. எடையாக மாற்று. பழைய இலையில் 100 கிராமுக்கு 152 துண்டு என்றால் ஆயிரம் பீடிக்கு 658 கிராம். புதிய இலையில் 145 என்றால் 690 கிராம். ஆயிரத்துக்கு 32 கிராம் கூடுதலாகத் தேவை. இடைவெளியையும் அப்படியே மாற்றினால் 13 கிராம் முதல் 52 கிராம் வரை. ஒரு நாளைக்கு 32 கிராம் சின்னதாகத் தெரியும். மாதக் கணக்கில் தெருவுக்கே எவ்வளவு என்று நீயே பெருக்கிப் பார்.

பொதிகைச்சாரல் எழுதியது:

இன்று போய் வந்தோம். அம்மா, மதினி, நான், இன்னும் நான்கு பேர். எட்டு வீட்டு எண்களையும் ஒரு தாளில் எழுதி, கீழே 658, 690 என்று மட்டும் எழுதிக் கொண்டுபோனேன்.

கடைக்காரர் முதலில் வாங்கவில்லை. பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிசையாக வாசித்தார். நான்காவது வரியில் நின்று, "இதில் புது இலை கூட இருக்கிறதே" என்றார். "ஆமாம், அதுவும் சேர்த்துத்தான் கணக்கு" என்றேன். அதற்குப் பிறகு தாளைக் கீழே வைக்கவில்லை. நூல் முடிச்சு போட்டதைப் பற்றி இரண்டு முறை கேட்டார். ஆயிரத்துக்கு 30 கிராம் கூட்டித் தர மேலே கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். உறுதி இல்லை. ஆனால் கை வீணாக்குகிறது என்ற பேச்சை இன்று எடுக்கவில்லை. அடுத்த வரவு வரும்போது கடையிலேயே அவர் முன்னால் செய்து காட்டச் சொன்னார், ஈரத்தோடு தராசில் ஏறுகிறபடி.

அதற்கு எத்தனை வீடு வேண்டும்? ஐந்து துண்டு வித்தியாசம் இருந்தாலும் தவறவிடக் கூடாது.

கடையம்_வாத்தியார் எழுதியது:

வித்தியாசங்களின் திட்ட விலக்கம், அதாவது வீட்டுக்கு வீடு அவை சிதறும் அளவு, இப்போது 5-க்குப் பக்கத்தில் இருக்கிறது. அது அப்படியே இருக்கும் என்று வைத்துக்கொண்டு, 5 துண்டு வித்தியாசத்தை ஐந்துக்கு நான்கு முறையாவது பிடிக்க வேண்டுமென்றால் பத்து வீடு வேண்டும். ஈரத்தோடு என்றால் மூட்டைக்கு மூட்டை ஆட்டம் கூடும். பன்னிரண்டு, பதினைந்து கிடைத்தால் நல்லது.

சுளகுமடி எழுதியது:

எங்கள் ஊரில் நான்கு பேர் வருகிறோம். என் பெயரையும் எழுதிக்கொள் மகளே. பழைய இலை ஒரு கட்டு எடுத்து வைத்திருக்கிறேன்.

பொதிகைச்சாரல் எழுதியது:

எழுதிக்கொண்டேன் அக்கா. பதினான்கு ஆயிற்று. தம்பி இப்போதே நூலில் முடிச்சு போட உட்கார்ந்துவிட்டான்.